ஈரச் சாக்கு வைக்காத வெள்ளிக்கிழமை

போன மாதம் மாப்பிள்ளையின் காரை விழுப்புரம் புறவழிச் சாலையில் உள்ள ஒரு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு விடாமல் எரிந்துகொண்டிருந்தது. அங்கிருந்த மெக்கானிக் ஸ்டியரிங்குக்குக் கீழே எதையோ சொருகினார், கையிலிருந்த திரையைப் பார்த்தார், “ஆக்ஸிஜன் சென்சார் போச்சு சார்” என்றார். பெரியவருக்குப் புரியாதே என்று இரக்கப்பட்டு, “ஒண்ணுமில்ல சார், அது சைலன்சர் பைப்புக்கு மூக்கு மாதிரி” என்று விளக்கமும் சொன்னார். தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். நல்ல விளக்கம்தான்.

புது சென்சார் மாட்டியதும் நான் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினேன். நான்கு கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, ஏசி போடாமல் உட்கார்ந்திருந்தேன். சித்திரை வெயில். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்த மெக்கானிக் கண்ணாடியைத் தட்டினார்.

“இன்னா சார், கண்ணாடிய ஏத்திக்கினு உக்காந்துக்கினு கீறீங்க? ஏசி ஓடலையா?”

“ஓடும் தம்பி. இன்னும் அஞ்சு நிமிஷம்.”

கூட வந்திருந்த என் மகள்தான் போட்டுக்கொடுத்தாள். “அப்பா அந்தக் காலத்துலயே திண்டிவனத்துல இந்த சென்சாருக்கு டப்பா செஞ்சவருங்க. அப்போலேர்ந்து இந்தப் பழக்கம்.” உடனே ஒரு நாற்காலி வந்தது, டீ வந்தது, மூன்று பேர் சுற்றி நின்றுகொண்டார்கள். அன்றைக்குப் பாதிக் கதைதான் சொன்னேன். மீதியைக் கையில் டீ கிளாஸோடு சிரித்துக்கொண்டே சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நான் ரேடியோக்காரன். விழுப்புரத்தில் தொழிற்படிப்பு இரண்டு வருடம், அப்புறம் ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு ரேடியோ கடையில் எட்டு வருடம். வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்ததையும், டிரான்சிஸ்டர் போய் ஐசி வந்ததையும் ஒரே ஸ்டூலில் உட்கார்ந்தபடி பார்த்தவன். டி.வி. வந்ததும் கடை முதலாளி டி.வி. வாடகைக்கு விடப் போய்விட்டார். ரேடியோவைச் சீண்ட ஆளில்லை. திண்டிவனத்தில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் எலக்ட்ரீஷியன் தேவை என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். எண்பதுகளின் நடுப்பகுதி அது. காரைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்தது, அதற்கு நான்கு சக்கரம் என்பது மட்டும்தான். டைனமோவும் ரேடியோவும் ஒரே ஜாதிதான் என்று முதலாளி தைரியம் சொல்லிச் சேர்த்துக்கொண்டார். தினமும் காலையில் விழுப்புரத்தில் பாசஞ்சர் ஏறி, திண்டிவனத்தில் இறங்கி நடப்பேன்.

அங்கே ஃபோர்மேன் கரீம் பாய். கோட்டக்குப்பத்துக்காரர். ஐந்து வருடம் வளைகுடாவில் ஒரு பட்டறையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். என்னைவிட மூன்று வயது சின்னவர் என்பதால் என்னை ‘தாஸ்ண்ணே’ என்பார். என் முழுப்பெயர் மரியதாஸ். வேலை வாங்கும்போதும் மரியாதை குறையாது. “தாஸ்ண்ணே, இந்த ஒயர அவுத்துட்டு மறுபடி கட்டுங்க, அசிங்கமா கீது” என்பார், கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடுகிற குரலில். கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். ரொம்பக் கோபம் வந்தால் பேச்சே நின்றுபோய், நாம் செய்த வேலையைப் பிரித்துத் தானே செய்யத் தொடங்கிவிடுவார். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே என்று இருக்கும்.

ஒருநாள் சாப்பாட்டுக்குப் பிறகு லுங்கித் துணியில் சுற்றிய மூன்று சாமான்களை என் மேஜைமேல் வைத்தார். ஸ்பார்க் பிளக்கைவிடக் கொஞ்சம் தடிமன். முனையில் துளை போட்ட இரும்புத் தொப்பி, உள்ளே வெள்ளைப் பீங்கான், பின்னால் ஒற்றை ஒயர்.

“இன்னா பாய் இது, பிளக்கா?”

“பிளக்கு நெருப்பு குடுக்கும். இது நியாயம் சொல்லும். வெந்து வர்ற புகைல எவ்ளோ ஆக்ஸிஜன் மிச்சம் கீதுன்னு சொல்லும். நொறுங்கிப்போன அமெரிக்கா வண்டிலேர்ந்து கழட்னது. இத படிக்கறதுக்கு அங்க ஒரு மிசினு கீது. இங்க மிசினு இல்ல, நீங்க கீறீங்க.”

அந்தக் காலத்து வண்டிகளில் கார்புரேட்டர்தான் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும். அதில் ஒரு சின்ன திருகு. வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும், உள்ளே திருப்பினால் குறையும். எவ்வளவு திருப்புவது என்பதை மெக்கானிக்கின் காதும், பிளக்கைக் கழற்றிப் பார்க்கும் கண்ணும்தான் முடிவுசெய்யும். பாயின் காது திண்டிவனத்திலேயே பேர்போனது. அப்படிப்பட்டவருக்கே தன் காதின்மேல் சந்தேகம் இருந்தது என்பதுதான் எனக்கு அவரிடம் முதலில் பிடித்தது.

அந்த சென்சார் சூடானால் ஒரு வோல்ட்டுக்கும் குறைவான மின்சாரம் தரும். பெட்ரோல் அதிகம் என்றால் முக்கால் வோல்ட்டுக்கு மேல், காற்று அதிகம் என்றால் ஏறக்குறைய ஒன்றுமில்லை, சரியான கலவையில் நடுவாந்தரமாக நிற்கும். சுலபம் என்று நினைத்து என் மல்டிமீட்டரை மாட்டினேன். முள் லேசாக ஆடிவிட்டுப் படுத்துக்கொண்டது. இரண்டு வாரம் பேஜார். சென்சார் தருவது துளியூண்டு மின்சாரம், அதை என் மீட்டரே குடித்துத் தீர்த்துவிடுகிறது என்று புரிந்த அன்று சென்னைக்கு பஸ் ஏறினேன். ரிச்சி தெருவில் தேடி, உள்ளீட்டை உறிஞ்சாத ஒரு ஐசியும், வோல்ட்டுக்குத் தக்கபடி பத்து விளக்குகளை வரிசையாக ஏற்றும் ஒரு ஐசியும் வாங்கி வந்தேன். இடப்பக்கம் மூன்று பச்சை, அதாவது காற்று அதிகம். வலப்பக்கம் மூன்று சிவப்பு, பெட்ரோல் அதிகம். நடுவில் நான்கு மஞ்சள்.

சர்க்யூட் மேஜைமேல் ஒழுங்காக இருந்தது. காருக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் பத்து விளக்கும் திருவிழாவாக மினுக்கின. பிளக்கின் தீப்பொறி செய்கிற கலாட்டா. அலுமினியப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியை எர்த் செய்தால் அடங்கும் என்று தெரியும். கையில் இருந்த ஒரே அலுமினியப் பெட்டி என் சாப்பாட்டு டப்பா.

“டப்பா எங்கங்க?” என்றாள் என் மனைவி லூர்து.

“ஒர்க்‌ஷாப்ல வேலை செய்யுது.”

“எங்கம்மா குடுத்த டப்பா அது. நீங்க வேலை செஞ்சா பத்தாதா?”

மறுநாளிலிருந்து தூக்குவாளியில்தான் சாப்பாடு. ஒர்க்‌ஷாப்பில் அந்தக் கருவிக்கு டிபன் டப்பா என்றே பெயர் நின்றுவிட்டது. “வண்டிக்கு டிபன் குடுத்தாச்சா?” என்றால் டியூனிங் முடிந்ததா என்று அர்த்தம்.

டப்பாவைச் செய்தது நான். அதைப் பயன்படுத்தும் முறையைச் செய்தது பாய். முதலில் இன்ஜினிலிருந்து கீழே இறங்கும் புகைக் குழாயைக் கழற்றி, துளைபோட்டு, லேத்தில் கடைந்த நட்டு ஒன்றை வெல்டிங் வைக்க வேண்டும். சென்சார் அதில் ஏறும். வேலை முடிந்ததும் ஒரு போல்ட்டால் அடைத்துவிடலாம். குழாயைத் திரும்ப மாட்டும்போது இன்ஜினோடு சேரும் இடத்தில், இடுக்கை அடைக்கும் பாக்கிங் தகட்டைப் புதிதாகத்தான் போட வேண்டும். பழைய பாக்கிங் ஒருமுறை நசுங்கியது, மறுபடி சரியாக உட்காராது. பிறகு பத்து நிமிடம் இன்ஜின் சூடாக வேண்டும். அடுத்தது சாக்கு.

கோணிச் சாக்கைத் தண்ணீரில் நனைத்து, உருண்டையாகச் சுருட்டி, சைலன்சர் வாயில் பாய் அமுக்கிப் பிடிப்பார். இன்ஜின் திணறும். குழாயில் எங்காவது இடுக்கு இருந்தால் ‘உஸ்’ என்று கேட்கும். சத்தமே இல்லாமல் இன்ஜின் மூச்சடைத்து நின்றால் குழாய் சுத்தம். அதற்குப் பிறகுதான் சென்சார், அதற்குப் பிறகுதான் டப்பா. காரணத்தையும் ஒருமுறை சொன்னார். இடுக்கு இருந்தால் புகை வெளியே போவது மட்டுமில்லை, இழுப்பில் வெளிக்காற்றும் உள்ளே வரும். சென்சார் அந்தக் காற்றைப் பார்த்துவிட்டு, பெட்ரோல் போதவில்லை என்று சாதிக்கும். “சாக்கு வெக்காம வெளக்கப் பாக்காதீங்க தாஸ்ண்ணே” என்றார். கடைசியில் ஒரு நாற்பது பக்க நோட்டில் வண்டி எண், திருகு எத்தனை சுற்று வெளியே இருந்தது, இப்போது எத்தனை சுற்று, எந்த விளக்கில் நின்றது என்று எழுத வேண்டும்.

நம் பெட்ரோலில் அப்போது ஈயம் கலந்திருக்கும். ஈயம் ஏற ஏற சென்சார் மந்தமாகிவிடும். அதனால் தினமும் காலையில் ஊதுவிளக்கின் நெருப்பில் அதைப் பிடித்து, விளக்குகள் சட்டென்று சிவப்புக்கு ஓடுகின்றனவா என்று பார்ப்பேன். முதல் சென்சார் நாலைந்து மாதத்தில் செத்துப்போனது. ஆக, சென்சாரைச் சந்தேகப்படக் கற்றுக்கொண்டேன். என் டப்பாவை மட்டும் சந்தேகப்படவே இல்லை. அனந்தபுரத்திலிருந்தெல்லாம் வண்டிகள் தேடி வந்தன. தலைக்கனம் ஏறியிருந்தது, இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

ஐப்பசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, வைத்திருந்த ராமலிங்கம் தன் பியட்டைக் காலையிலேயே விட்டிருந்தார். பகல் ஒரு மணிக்கு வந்து நின்றுகொண்டு, “ஜல்தி முடிங்க தாஸ். கொழந்தைய தூக்கிக்கினு திருவாமாத்தூர் போறோம். நாலு மணிக்கு நடை தெறந்துடுவாங்க” என்றார். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்துப் பிறந்த குழந்தை. மூன்று மாதம். கோயிலுக்கு முதல்முறையாக எடுத்துப்போகிறார்கள்.

பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். நட்டு வெல்டிங் முடிந்து குழாய் தரையில் கிடந்தது. பிட்டர் ஆறுமுகம் தலையைச் சொறிந்தான். “பாக்கிங் தீந்துபோச்சுண்ணே. கடையும் சாத்திட்டு கீறான். பழசையே போட்டுடட்டுமா?”

“போடு” என்றேன்.

இன்ஜின் சூடானது. சாக்கு மூலையில் காய்ந்து கிடந்தது. நனைத்து எடுத்துவர இரண்டு நிமிடம் ஆகும். ராமலிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் நேரே சென்சாரை மாட்டி டப்பாவைத் திறந்தேன். இடக்கோடிப் பச்சையில் நின்றது, அதாவது காற்று ரொம்ப அதிகம். திருகை வெளியே திருப்பினேன். நகரவில்லை. இன்னும் திருப்பினேன். மஞ்சளுக்கு வந்தபோது மூன்றரைச் சுற்று ஆகியிருந்தது. இன்ஜின் மொத்து மொத்தென்று கனமாக ஓடியது காதில் விழத்தான் செய்தது. காது ஒன்று சொல்கிறது, விளக்கு ஒன்று சொல்கிறது. விளக்கு நான் செய்தது, அதனால் விளக்கை நம்பினேன். நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

வண்டி போய் முக்கால் மணி நேரம் கழித்துப் பாய் வந்தார். மழை பிடித்திருந்தது. தலையைத் துடைத்துக்கொண்டே நோட்டைப் பிரித்தவர் அப்படியே நின்றார்.

“மூன்ற சுத்தா? பியட்டு ரெண்டத் தாண்டாதே. சாக்கு வெச்சீங்களா தாஸ்ண்ணே?”

“வெக்கல பாய்.”

“பாக்கிங்?”

“பழசு.”

குரல் தாழவில்லை. பேச்சே நின்றுவிட்டது. முதலாளியின் புல்லட்டை வெளியே தள்ளினார். நான் பின்னால் ஏறினேன். இரண்டு தெரு தள்ளி ராமலிங்கத்தின் வீடு பூட்டியிருந்தது. இப்போதுதான் போனார்கள் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். விழுப்புரம் ரோட்டில் திரும்பியதும்தான் பாய் வாயைத் திறந்தார். மழைச் சத்தத்தில் கத்திச் சொன்னார். “பெட்ரோல அதிகம் வெச்சிட்டீங்க. அந்தப் புகை வெசம். பாக்கிங் வழியா இன்ஜின் ரூமுக்கு வருது. பெடல் ஓட்ட வழியா உள்ள போவுது. மழைக்குக் கண்ணாடிய ஏத்தி இருப்பாங்க.” எனக்குத் தெரிந்த ஜெபங்களையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். எதையும் முழுதாகச் சொல்லி முடிக்க முடியவில்லை.

விக்கிரவாண்டி தாண்டி ஒரு ரயில்வே கேட் சாத்தியிருந்தது. லாரிகள், ஒரு பஸ், வரிசையில் ஐந்தாவதாக அந்தப் பியட். பேட்டரி வீக்காக இருந்ததால் ராமலிங்கம் இன்ஜினை நிறுத்தவில்லை. கண்ணாடிகள் நான்கும் ஏற்றி, உள்ளே ஆவி படிந்திருந்தது. பாய் வண்டியை ஸ்டாண்ட் போடக்கூட இல்லை, கீழே சாய்த்துவிட்டு ஓடினார். கதவைத் திறந்து முதலில் சாவியைத் திருகினார்.

ராமலிங்கம் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்திருந்தார். பின் சீட்டில் அவர் மனைவி விஜயா, “தல விண்ணு விண்ணுனு இடிக்குதுங்க” என்று குழறினாள். மடியில் குழந்தை கண்மூடிக் கிடந்தது. “தூங்கறான்” என்றாள். குழந்தையை நான்தான் வாங்கினேன். கையும் காலும் துவண்டு தொங்கின. தூங்குகிற குழந்தை அப்படிக் கனக்காது. அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு பயந்ததில்லை.

மழையில் அதன் முகத்தை வானத்துக்குக் காட்டியபடி நின்றேன். பாய் அதன் உள்ளங்காலை விரலால் சுண்டினார். ஒருமுறை, இரண்டுமுறை. மூன்றாவது தடவை முகம் சுருங்கியது. அப்புறம் ஒரு சின்ன விக்கல், அப்புறம் அழுகை. கேட்டில் நின்ற லாரிக்காரர்கள் எல்லாரும் இறங்கி வந்துவிட்டார்கள். ரயில் கடந்து போனதை நான் பார்க்கவே இல்லை.

ராமலிங்கம் ரோட்டோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். தெளிந்ததும் எங்களைப் பார்த்துக் கை கூப்பினார். “பெட்ரோல் வாடை அடிச்சிது. வெல்டிங் வெச்ச வாடைன்னு நெனச்சேன். தெய்வம் மாதிரி வந்தீங்க பாய். தாஸ், உனக்கும் புண்ணியம்.”

பாய் என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். கும்பிட்ட கையை எப்படிப் பொய்யாக்குவது என்றுகூட ஒரு நொடி யோசித்தேன். ஆனால் என் கையில் அழுதுகொண்டிருந்த குழந்தை இன்னும் சூடேறாமல் சில்லென்று இருந்தது.

“என் தப்புதாங்க” என்றேன். “பழைய பாக்கிங்க போடச் சொன்னது நானு. லீக் இருக்கான்னு பாக்கல. பெட்ரோலயும் கூட வெச்சிட்டேன். புண்ணியம்லாம் இல்லீங்க.”

ராமலிங்கத்தின் கை மெதுவாக இறங்கியது. விஜயா எழுந்து வந்து குழந்தையை என்னிடமிருந்து வாங்கினாள். வாங்கி, எனக்கு எட்டாத பக்கத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். வரிசையில் நின்ற பஸ் அவர்களை ஏற்றிக்கொண்டு விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போனது. நாங்கள் பின்னாலேயே போய் வராந்தாவில் நின்றோம். குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதாக பாய்தான் வந்து சொன்னார்.

மறுநாள் பியட்டை இழுத்துவந்து, பாய் தன் கையாலேயே புது பாக்கிங் போட்டு, சாக்கு வைத்து, திருகை உள்ளே திருப்பினார். ஒன்றே முக்கால் சுற்றில் மஞ்சள் எரிந்தது. நான் வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னேன்.

“போவணும்னா போங்க” என்றார், கையைத் துடைத்துக்கொண்டே. “அந்த டப்பா எப்ப பொய் சொல்லும்னு இந்த ஊர்ல இப்ப தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தான். நீங்க போய்ட்டா நான் யார வெச்சி இத ஓட்றது?”

போகவில்லை. நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டேன், ‘சாக்கு’ என்று. அதை நிரப்பாமல் விளக்கு இருக்கும் பக்கமே திரும்புவதில்லை. பிறகு வேறு சென்சார்கள் வந்தன, பழைய டப்பாவின் இடத்தில் இரண்டு புது டப்பாக்கள் செய்தேன், ஈயம் கலக்காத பெட்ரோலும் வந்தது. அதெல்லாம் சாதாரண வேலைக் கதை.

கார்த்திகை, மார்கழி எல்லாம் போய், வெயில் காலத்தில் ஒருநாள் அந்தப் பியட் திரும்ப வந்தது. நான் பெஞ்சுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். ராமலிங்கம் பாயிடம் பேசிக்கொண்டிருந்தார். விஜயா, இடுப்பில் குழந்தையோடு, நேராக என்னிடம் வந்தாள்.

“நீங்களே பாருங்க” என்றாள். “பாத்துட்டு, நீங்களே உள்ள உக்காருங்க. கண்ணாடிய ஏத்திட்டு, வண்டிய ஓட விட்டு. நான் வெளிய நின்னு பாக்கறேன்.”

பாக்கிங் பார்த்தேன். சாக்கு நனைத்தேன். இன்ஜின் மூச்சடைத்து நின்றது, சத்தமில்லை. சென்சார், டப்பா, மஞ்சள். பிறகு ஏறிக் கதவைச் சாத்திக் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டேன். அவள் கதவருகிலேயே நின்று கண்ணாடி வழியாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை உள்ளங்கையால் கண்ணாடியை அடித்து விளையாடியது. பத்து நிமிடம் இருக்கும். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கவில்லை.

இது புத்திசாலித்தனமான சோதனை இல்லை என்று எனக்குத் தெரியும். இப்போது இதற்கென்று மீட்டர் இருக்கிறது, யாரும் என்னைப் பார்த்துச் செய்ய வேண்டாம். ஆனால் அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை, நான் டியூன் செய்த எந்த வண்டியையும் நான் உட்காராமல் வெளியே விட்டதில்லை.

விஜயாவே கதவைத் திறந்தாள்.

“தல வலிக்குதா?”

“இல்லீங்க.”

“அப்ப எறங்குங்க” என்றாள். இடுப்பிலிருந்த குழந்தையை எடுத்து என் பக்கம் நீட்டினாள். “இவன கொஞ்சம் புடிங்க. நான் ஏறி உக்காந்துக்கறேன்.”

கையெல்லாம் கிரீஸ். சட்டையில் அவசரமாகத் துடைத்துக்கொண்டு வாங்கினேன். கையில் நிற்காமல் துள்ளினான், என் மீசையைப் பிடித்து இழுத்தான்.